டெக் கேள்வி பதில்: ஃபைல் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம்

கேள்வி: எங்க கம்பெனில ஃபைல் எல்லாம் ஒரு டாக்குமென்ட் சிஸ்டத்துல இருக்கு. அறிவிப்பு, கமென்ட், லைக் எல்லாம் வேற ஒரு இன்ட்ராநெட்ல. ரெண்டு வெண்டரும் "நாங்க ஓப்பன் ஸ்டாண்டர்ட்"னு சொல்லித்தான் வித்தாங்க. இப்ப ரெண்டையும் இணைக்கணும்னா தனியா கோட் எழுதணும், தனியா காசுங்கறாங்க. அப்புறம் என்ன சார் ஓப்பன் ஸ்டாண்டர்ட்? (வாசகர், கோவை)

பதில்: ரெண்டு பேரும் பொய் சொல்லலங்க. ஆளுக்கு ஒரு ஸ்டாண்டர்டை சொல்றாங்க, அதை மட்டும் உங்ககிட்ட சொல்லாம விட்டுட்டாங்க. டாக்குமென்ட் வெண்டர் சொல்றது அனேகமா சிஎம்ஐஎஸ்ஸா (CMIS) இருக்கும், அதாவது வேற வேற டாக்குமென்ட் சிஸ்டத்தை ஒரே மாதிரி கூப்பிட ஒரு பொது விதி. 2008 செப்டம்பர்ல ஐபிஎம், மைக்ரோசாஃப்ட், ஈஎம்சி மூணும் வரைவை வெளில விட்டாங்க, அல்ஃப்ரெஸ்கோ, ஆரக்கிள், சாப், ஓப்பன்டெக்ஸ்ட்லாம் கூட நின்னாங்க, ஸ்டாண்டர்ட் வகுக்கற ஓயாசிஸ் அமைப்பு வழியா 2010 மே மாசம் 1.0 வந்துச்சு. அதுக்கு முன்னாடி ஷேர்பாயிண்ட்ல இருந்து ஃபைல் எடுக்க ஒரு கோட், டாக்குமென்டமுக்கு இன்னொண்ணு, ஃபைல்நெட்டுக்கு மூணாவதுன்னு எழுதி எழுதியே டெவலப்பருக்கு வயசாயிட்டு இருந்துச்சு. ஃபோல்டர், வெர்ஷன், செக்-அவுட் (திருத்த எடுத்து வச்சுக்கறது), செக்-இன் (திருத்தி திருப்பி வைக்கறது), யாருக்கு படிக்க பர்மிஷன் யாருக்கு எழுத பர்மிஷன், எஸ்க்யூஎல் சாயல்ல ஒரு தேடல் மொழி, இதெல்லாம் எந்த சிஸ்டத்துலயும் ஒரே மாதிரி கேக்கலாம், அவ்வளவுதான் அதோட வேலை. லைக், கமென்ட், யாரு யாரை ஃபாலோ பண்றாங்க, இதுக்கெல்லாம் அதுல இடமே கிடையாது.

இன்ட்ராநெட் கொஞ்சம் பழசுன்னா அது ஓப்பன்சோஷியல் வழில வந்ததா இருக்கலாம். 2007 மே மாசம் ஃபேஸ்புக் தன்னோட ப்ளாட்ஃபார்மை வெளி ஆப்களுக்கு திறந்து விட்டுச்சு, அதே வருஷம் நவம்பர்ல கூகுள், தன்னோட சோஷியல் தளமான ஆர்குட் கூட மைஸ்பேஸ், லிங்க்ட்இன்னு ஒரு கூட்டத்தை சேத்துக்கிட்டு இறக்குனதுதான் ஓப்பன்சோஷியல், ஒரு தடவை எழுதுன ஆப் பல சோஷியல் தளத்துல ஓடணும்ங்கறதுதான் நோக்கம். ஆர்குட் 2014-ல மூடிட்டாங்க, ஆனா அதுக்குள்ள இந்த ஸ்டாண்டர்ட் ஆபீசுக்குள்ள நுழைஞ்சிருச்சு, வேலைகளை கண்காணிக்கற ஜிரா சாஃப்ட்வேரோட டாஷ்போர்டுல பாத்த காட்ஜெட்லாம் (பக்கத்துக்குள்ள ஓடற குட்டி ஆப்) அந்த வகைதான். ஆள், உறவு, ஆக்டிவிட்டி, காட்ஜெட், இதான் அதோட உலகம். அங்க ஃபைலுங்கறது வெறும் ஒரு லிங்க்.

ஆக ஒண்ணுக்கு ஆள் தெரியாது, இன்னொண்ணுக்கு ஃபைல் தெரியாது. நடுவுல எழுதற கோடுக்குத்தான் காசு கேக்கறாங்க, கேக்கறது நியாயம்தான், தொகை நியாயமான்னு நீங்கதான் பாக்கணும்.

கேள்வி: ரெண்டுலயும் ஏபிஐ (ஒரு சாஃப்ட்வேர் இன்னொண்ணை கூப்பிடற வழி) இருக்குல்ல, கூப்பிட்டா முடிஞ்சிடாதா? எதுக்கு இவ்வளவு பில்டப்? (வாசகர், சென்னை)

பதில்: கூப்பிடறதுல ஆரம்பத்துல சிக்கல் இருந்தது உண்மை. காட்ஜெட்ங்கறது ஐஃப்ரேமுக்குள்ள (பக்கத்துக்குள்ள இன்னொரு பக்கம்) ஓடற ஜாவாஸ்கிரிப்ட், சிஎம்ஐஎஸ் 1.0-வோ சோப், ஆட்டம்பப்னு ரெண்டு எக்ஸ்எம்எல் வழியாத்தான் பேசும், பிரவுசர்ல உக்காந்து அதை பிரிச்சு மேயறது கொடுமை. 2013-ல வந்த 1.1 பிரவுசருக்குன்னே ஜேசான்ல, அதாவது ஜாவாஸ்கிரிப்ட் லேசா படிக்கற ஃபார்மட்ல, ஒரு வழி குடுத்துச்சு, அதோட அந்த தலைவலி போச்சு.

போகாத தலைவலி வேற. ஒரு உதாரணம் எடுத்துக்கோங்க. சிஎம்ஐஎஸ்ல சேஞ்ச் லாக்னு ஒண்ணு உண்டு, போன தடவை கேட்டதுக்கு அப்புறம் என்னென்ன மாறிச்சுன்னு கேட்டா வரிசையா குடுக்கும். இதை எடுத்து அப்படியே இன்ட்ராநெட் ஃபீட்ல (அறிவிப்பு வரிசையா ஓடற இடம்) போட்டா வேலை முடிஞ்சதுன்னுதான் எல்லாரும் நினைப்பாங்க. ஃபீட்டுக்கு என்ன வேணும்? யாரு, என்ன செஞ்சாங்க, எதை செஞ்சாங்க. சேஞ்ச் லாக்ல என்ன வகை மாற்றம், எப்ப, எந்த ஃபைல், இதுக்கு கட்டாயம் இடம் இருக்கு. "யாரு"க்கு தனியா ஒரு கட்டம் கிடையாது. சரி, ஃபைலையே கேட்டு கடைசியா மாத்துனவர் பேரை எடுத்துக்கலாம்னு பாத்தா, நடுவுல மூணு பேர் மாத்தியிருந்தா கடைசி ஆள் பேர்தான் வரும். கொட்டேஷன் ஃபைலை யாரோ டெலீட் பண்ணிட்டா சுத்தம், ஃபைலே இல்ல, யாரை கேக்கறது? "கொட்டேஷன் அழிக்கப்பட்டது"ன்னு ஃபீட்ல வரும், யாருன்னு வராது, அன்னிக்கு ஆபீஸ்ல நடக்கற சண்டையை நீங்களே யோசிச்சுக்கோங்க.

பேர் கிடைச்சாலும் அது டாக்குமென்ட் சிஸ்டம் வச்சிருக்கற யூசர் ஐடி, வெறும் ஒரு ஸ்ட்ரிங். இன்ட்ராநெட்ல அதே ஆளுக்கு வேற ஐடி இருக்கும். ரெண்டும் ஒரே ஆளுன்னு எந்த ஸ்டாண்டர்டும் உங்களுக்கு சொல்லித் தராது, கம்பெனி டைரக்டரிய வச்சு நீங்கதான் கோக்கணும். என்னை கேட்டா மொத்த வேலைல பெரும்பகுதி இங்கதான் போகும், வெண்டர் கொட்டேஷன்ல இதுக்குன்னு ஒரு வரி இல்லைன்னா அவர் இன்னும் யோசிக்கவே ஆரம்பிக்கலன்னு அர்த்தம்.

கேள்வி: ஃபைலுக்கு பர்மிஷன் போட்டுத்தான் வச்சிருக்கோம், ஃபீட்ல வந்தா என்ன ஆயிடப்போகுது? (வாசகி, மதுரை)

பதில்: ஃபைல் திறக்காதும்மா, பேர் தெரியும். எச்ஆர் ஃபோல்டர்ல "ஆட்குறைப்பு இறுதிப் பட்டியல்"னு ஒரு ஃபைலை ஒருத்தர் ஏத்தறாங்க, கிளிக் பண்ணா அனுமதி இல்லைன்னுதான் வரும், ஆனா அந்த தலைப்பை படிச்சதுக்கு அப்புறம் யாருக்கு வேலை ஓடும்? டாக்குமென்ட் சிஸ்டம் ஒவ்வொரு தடவை கேக்கறப்பவும் பர்மிஷனை பாக்குது, ஃபீட் பெரும்பாலும் போஸ்ட் விழற நேரத்துல யாருக்கெல்லாம்னு முடிவு பண்ணி அனுப்பிடுது. நேத்து பர்மிஷன் இருந்து இன்னிக்கு எடுத்துட்டாங்கன்னாலும் பழைய போஸ்ட் அங்கயே நிக்கும். அதனால நான் எப்பவும் சொல்றது, ஃபீட்ல ஃபைலோட ஐடிய மட்டும் வைங்க, தலைப்பு, முன்னோட்டம் எல்லாம் பாக்கறவரோட லாகின்ல அந்த நொடி டாக்குமென்ட் சிஸ்டத்துகிட்ட கேட்டு காட்டுங்க. கொஞ்சம் ஸ்லோ ஆகும்தான், ஆகட்டும். எல்லாத்துக்கும் ஒரே சர்வீஸ் அக்கவுன்ட் (ஆளுக்கு இல்லாம சாஃப்ட்வேருக்குன்னு போடற லாகின்) போட்டு அள்ளிட்டு வர்றேன்னு யாராச்சும் சொன்னா ஒத்துக்காதீங்க, அந்த அக்கவுன்டுக்கு எல்லாமே தெரியும்.

கேள்வி: ஓப்பன்சோஷியல் செத்துப்போச்சுங்கறாங்களே, இப்ப புதுசா ஆரம்பிக்கறவங்க எதை நம்பறது? (வாசகர், திருச்சி)

பதில்: ஆமா, கதை முடிஞ்சது. 2014 கடைசில ஓப்பன்சோஷியல் ஃபவுண்டேஷன் வேலையை வெப் ஸ்டாண்டர்ட் அமைப்பான டபிள்யூ3சி கைல குடுத்துட்டு ஒதுங்கிருச்சு, அந்த ஸ்டாண்டர்டை நிஜத்துல ஓட வச்ச மாதிரி கோடான அப்பாச்சி ஷிண்டிக் ப்ராஜெக்டும் அடுத்த வருஷமே பரணுக்கு போயிருச்சு. ஆனா அந்த வட்டாரத்துல பேசிட்டு இருந்த ஆக்டிவிட்டி ஸ்ட்ரீம்ஸ் (யாரு என்ன செஞ்சாங்கன்னு எழுதற ஃபார்மட்) பொழைச்சுக்கிச்சு, 2.0 வந்தது 2017 மே, அது மேல கட்டுன ஆக்டிவிட்டிபப் 2018 ஜனவரி. மாஸ்டோடான்ங்கற சோஷியல் தளம் ஓடறது அதுலதான்.

டாக்குமென்ட் ஆளுங்களுக்கு இதுல நல்ல விஷயம் ஒண்ணு இருக்கு. ஒவ்வொரு ஆக்டிவிட்டிலயும் யாரு செஞ்சாங்கன்னு போட இடம் இருக்கு, டாக்குமென்ட்னே ஒரு வகை இருக்கு, அழிச்ச பொருளுக்கு டூம்ஸ்டோன்னு ஒரு அடையாளக் கல்லு கூட நட்டு வைக்கலாம், முன்னாடி அது என்னவா இருந்துச்சு, எப்ப போச்சுன்னு அதுல தெரியும். மேல நான் புலம்புன டெலீட் சண்டைல பாதி இதுல அடங்கிரும். ஆனா ஆக்டிவிட்டிபப் வேற சர்வருக்கு காப்பியை தள்ளிவிடற டிசைன், அங்க போனதை அழின்னு நாம சொல்லலாம், அழிக்கறது அவங்க கைல. அதனால கம்பெனிக்குள்ள ஆக்டிவிட்டி ஸ்ட்ரீம்ஸ் ஃபார்மட்டை மட்டும் எடுத்துக்கோங்க, வெளி சர்வருக்கு அனுப்பற பகுதியை தொடாதீங்க.

சிஎம்ஐஎஸ் பத்தி கேட்டா, பழைய ஆர்க்கைவ்ல இருந்து ஃபைலை வெளில எடுக்க இன்னும் உருப்படியான வழி அது, ஆனா புது ப்ராஜெக்ட்ல நான் பாக்கறவங்க பெரும்பாலும் வெண்டரோட சொந்த ரெஸ்ட் ஏபிஐக்கே போயிடறாங்க. வசதிதான், நாளைக்கு வெண்டர் மாத்தறப்ப வலிக்கும்.

கேள்வி: இவ்வளவு எதுக்கு, வெப்டாவ் போதாதா? (வாசகர், ஈரோடு)

பதில்: வெப்டாவ், அதாவது வெப் வழியா ஃபைலை கையாள்ற ஸ்டாண்டர்ட், 1999-ல இருந்து இருக்கு, ஃபைலை எடுக்க, வைக்க, லாக் பண்ண நல்லாவே செய்யும். வெர்ஷனுக்கு தனி ஸ்டாண்டர்ட், பர்மிஷனுக்கு தனி, தேடலுக்கு தனின்னு பின்னாடி ஒவ்வொண்ணா வந்துச்சு, எல்லாத்தையும் முழுசா செஞ்ச சர்வரை தேடறதுக்குள்ள விடிஞ்சிரும். ஃபோல்டரை மேப் பண்ணி வேர்ட் ஃபைலை திறந்து சேவ் பண்றதோட உங்க வேலை முடியும்னா தாராளமா போதும்.