அம்மாவின் மாத்திரை மலிவாகிவிட்டது, நம்பலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எஸ்ஆர் 500, பிரஷருக்கு டெல்மிசார்டன் 40 சாப்பிடுகிறார். செலவைக் குறைக்க, பிராண்ட் பெயரில்லாத ஜெனரிக் மாத்திரைகளை மலிவாக விற்கும் அரசுத் திட்டக் கடையான முதல்வர் மருந்தகத்தில் வாங்க ஆரம்பித்தேன். “பவர் கம்மி, மாத்திரை கரையாமல் அப்படியே வெளியே வருது” என்று சொல்லி, இப்போது தொட மறுக்கிறார். என்ன செய்வது? (வாசகர், தண்டையார்பேட்டை)

பதில்: முதலில் அந்த ‘வெளியே வரும்’ கதை. எஸ்ஆர் மாத்திரை மருந்தை மெல்ல மெல்லக் கசியவிடும். மருந்து உடம்பில் சேர்ந்தபின் மிச்சமான சக்கை மலத்தில் வரலாம். விலை கூடிய பிராண்டிலும் வரும். அப்போது யாரும் கவனிப்பதில்லை, அவ்வளவுதான்.

500 மி.கி. என்று அச்சிட்டிருந்தால் பிராண்ட், ஜெனரிக் இரண்டிலும் 500 மி.கி.தான் இருக்க வேண்டும். ஜெனரிக்குக்கு விளம்பரச் செலவும் பிரதிநிதிகள் செலவும் இல்லாததால் விலை இறங்குகிறது. தரக்குறைவான மருந்தே வராது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதாமாதம் வெளியிடும் பட்டியலில் பெயர்பெற்ற பிராண்டுகளும் மாட்டுகின்றன. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று வாங்கும் மாத்திரையும் பெரும்பாலும் ஜெனரிக்தான் என்பதை அம்மாவுக்கு நினைவுபடுத்துங்கள்.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. நிறமும் வடிவமும் மாறியதும், வயதானவர்கள் இது புது மாத்திரை என்று நினைத்து, வீட்டில் மிச்சமிருக்கும் பழையதையும் சேர்த்தே விழுங்கிவிடுகிறார்கள். பிரஷர் மாத்திரை இரட்டிப்பானால் தலைசுற்றி விழ வேண்டியதுதான். பழைய அட்டையை வீட்டில் வைக்காதீர்கள். புது அட்டையில் மருந்தின் பெயர், மி.கி., ‘எஸ்ஆர்’ மூன்றும் சீட்டோடு பொருந்துகிறதா பாருங்கள். சாதா மெட்ஃபார்மினும் எஸ்ஆரும் ஒன்றல்ல.

வலிப்பு, தைராய்டு மருந்துகளையும், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினையும் மட்டும் டாக்டரைக் கேட்காமல் கம்பெனி மாற்றக் கூடாது. அளவில் சிறு வித்தியாசம்கூட இவற்றில் பெரிதாகும்.

அம்மா உங்கள் பேச்சைவிட டாக்டர் பேச்சைத்தான் கேட்பார். அடுத்த முறை அட்டையைக் கையோடு கொண்டுபோய், “இதையே சாப்பிடுங்கம்மா” என்று டாக்டர் வாயால் சொல்லவையுங்கள். வீட்டிலேயே இரண்டு வாரம் பிரஷர் பார்த்துக் குறித்துவையுங்கள். மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி (சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை). எண் ஏறாமல் இருந்தால் ‘பவர் கம்மி’ பேச்சு தானாக அடங்கும்.

ஒன்று சொல்ல மறந்தேன்: டெல்மிசார்டன் ஈரத்தை இழுக்கும். நம் கடலோரக் காற்றுக்கு அதைப் பிரித்து டப்பாவில் போட்டுவைக்காதீர்கள், சாப்பிடும் நேரத்தில் அட்டையிலிருந்து எடுத்தால் போதும்.