சென்சாரும் சென்சஸும் உறவா?

கே: சினிமாவுக்கு சென்சார், மக்கள்தொகைக்கு சென்சஸ். இரண்டும் ஒரே சொல்லிலிருந்து வந்தவையா?
– வாசகி, குடியாத்தம்

ப: ஆமாம் சகோதரி. பழைய ரோமில் 'கென்சோர்' என்று ஒரு பதவி, கி.மு. 443-இல் தொடங்கியதாக மரபு. லத்தீனில் 'கென்சேரே' என்றால் மதிப்பிடுவது. பொதுவாக ஐந்தாண்டுக்கு ஒருமுறை இரண்டு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள், குடிமக்கள் அவர்கள் முன் வந்து குடும்பம், சொத்து எல்லாவற்றையும் சத்தியம் செய்து சொல்ல வேண்டும், அதை வைத்துத்தான் வரியும் படையில் அவரவர் இடமும் முடிவாகும். சென்சஸின் வேர் இதுதான். நம் பேரணாம்பட்டிலும் ஆம்பூரிலும் டீச்சர்கள் வீடு வீடாக வந்து எழுதுகிறார்கள், அங்கே ஜனம்தான் போகணும். அப்புறம் ஒழுக்கத்தை எடைபோடும் வேலையும் இவர்களிடமே சேர்ந்தது, சினிமா சென்சாரின் வேர் அதுதான். கி.மு. 184-இல் கென்சோரான கேட்டோ, மகள் கண்ணெதிரே மனைவியை முத்தமிட்டார் என்று ஒருவரை ரோமின் ஆட்சி மன்றமான செனட்டிலிருந்தே நீக்கியதாக பழங்கால கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். எனக்கு அது அநியாயமாகத்தான் படுகிறது.