பாலைவனத்தில் கிடைக்கும் 'ஃபகா' கிழங்கா, காளானா? சாப்பிடக்கூடியதை எப்படி அடையாளம் காண்பது?

காளான்தான். மண்ணுக்கு மேலே குடை விரிக்காமல் உள்ளேயே உருண்டு திரண்டுவிடுகிற காளான். பார்த்தால் யாரும் உருளைக்கிழங்கு என்றுதான் சொல்வார்கள். குவைத்துக்குப் போன முதல் வருஷம் நானும் அப்படி நினைத்து, சமையலறை வாசலில் இருந்த ஒரு பையை அப்படியே வெங்காயக் கூடையில் கொட்டிவிட்டு, மாமாவிடம் (வீட்டு எஜமானியை அங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்தப் பையின் விலை என் மாதச் சம்பளத்தில் பாதி.

ஒன்பது வருஷம் அங்கே வீட்டு டிரைவர் வேலை. குளிர்காலத்தில் குடும்பத்தோடு பாலைவனத்தில் கூடாரம் போடுவார்கள். வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு நானும் போவேன். முதலாளியின் அப்பாவை பாபா கபீர் என்போம், பெரியவர் என்று அர்த்தம். ஃபகா தேடக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். நான் மண்ணையே வெறித்துக்கொண்டு நடந்தபோது, "ஃபகாவைத் தேடாதே, ரக்ரூக்கைத் தேடு" என்றார்.

ரக்ரூக் என்பது கணுக்கால் உயரச் சிறு செடி, சின்ன மஞ்சள் பூ. தாவரவியலில் ஹீலியாந்திமம். அதன் வேரைப் பற்றிக்கொண்டுதான் இந்தக் காளான் வாழ்கிறது. செடி இதற்குச் சர்க்கரை தருகிறது. இது செடிக்குத் தண்ணீரும் தாதுக்களும் இழுத்துக் கொடுக்கிறது. அந்தச் செடி இல்லாத இடத்தில் எவ்வளவு தோண்டினாலும் மணல்தான்.

செடி இருந்தால் மட்டும் போதாது, மழை சரியான நேரத்தில் பெய்ய வேண்டும். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரையான பருவத்தை அங்கே 'வஸ்ம்' என்பார்கள். அந்த மழை தவறினால், ஜனவரியில் எவ்வளவு கொட்டினாலும் அந்த வருஷம் ஃபகா சொற்பம்தான். இடி விழுந்தால்தான் இது பிறக்கும் என்றும் ஒரு நம்பிக்கை உண்டு. பழைய கிரேக்கர்களும் இதையேதான் நம்பினார்கள். இலையுதிர்கால மழை இடியோடு வருவதால் வந்த கதையாக இருக்கும் என்பது என் எண்ணம்.

ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை எடுக்கலாம். காளான் பருக்கும்போது மேல்மண் லேசாக உப்பி, வெடிப்பு விடும். உச்சி வெயிலில் அது கண்ணுக்கே தெரியாது. விடிகாலையிலும் சாயங்காலமும் சூரியன் சாய்வாக இருக்கும்போது அந்த மேட்டுக்கு ஒரு சின்ன நிழல் விழும், அதுதான் அடையாளம். விரல் ஆழத்திலோ சாண் ஆழத்திலோ கிடக்கும். எடுத்த குழியை மூடாமல் வந்தால் பாபா கபீர் திரும்பப் போய் மூடிவிட்டு வரச் சொல்வார்.

சந்தையில் இரண்டு பெயர்தான் அதிகம் கேட்கும். வெண்மையாக, வழவழப்பாக, பெரிதாக இருப்பது சுபைதி. அறிவியலில் திர்மேனியா நிவியா. விலை கூடியது இதுதான். (வாவல் மீனுக்கும் அங்கே சுபைதி என்றே பெயர், புதிதாகப் போகிறவர்கள் குழம்ப வேண்டாம்.) சிவந்தோ பழுப்பாகவோ சற்றுச் சிறிதாக இருப்பது கலாசி, டெர்ஃபீசியா வகை. ருசி கலாசிக்குத்தான் என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு; நானும் அந்தக் கட்சி.

சரி, அடையாளத்துக்கு வருவோம். நெடுக்காக வெட்டிப் பாருங்கள். உள்ளே கெட்டியாக, வெளிர் நிறத்தில், பளிங்கில் ஓடுகிற மாதிரி நரம்புக்கோடுகள் தெரிய வேண்டும். குடையும் தண்டும் உருவாகிற வடிவம் தெரிந்தால் அது முட்டைப் பருவத்தில் இருக்கிற வேறு காளான். ஆளைக் கொல்லும் வகைகளும் அப்படித்தான் இருக்கும். உள்ளே ஊதா கலந்த கறுப்பாக இருந்தாலும் தூக்கிப் போடுங்கள். வெட்டிப் பார்ப்பது முதல் சோதனை மட்டும்தான், பழகிய ஆள் பார்த்துச் சரி என்று சொல்லாமல் வாயில் வைக்காதீர்கள். நம் ஊர்ப் பக்கம் மண்ணுக்குள் கிடைத்த எதையும் இந்தப் பதிலை வைத்துச் சாப்பிட வேண்டாம்.

இன்னொன்று, தனியாகத் தேடப் போகாதீர்கள். குவைத் மணலில் 1990-91 போரில் புதைத்த கண்ணிவெடிகள் அவ்வப்போது இன்னும் கிடைக்கின்றன. சிரியாவில் 2023-ல் இதைத் தோண்டப் போன பலர் கண்ணிவெடியிலும் துப்பாக்கிச் சூட்டிலும் செத்தார்கள்.

சமையலுக்கு: உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, தோலைச் சீவி, மறுபடி இரண்டு மூன்று தண்ணீரில் அலச வேண்டும். வெடிப்புகளுக்குள் மணல் ஒளிந்திருக்கும். ஒருமுறை ரூமில் நாலைந்து பேர் சேர்ந்து கலாசியை ஆட்டுக்கறி மசாலாவில் போட்டோம். மசாலா அருமை, காளானும் அருமை, ஆனால் அலசியது நான். கடைசிக் கவளம் வரை நறநற.