முதலாண்டு இயற்பியலும் வானியலும்: கேள்வி பதில்

கேள்வி: உயிரியல் மாணவி நான். கால்குலஸ் உள்ள இயற்பியல், இல்லாத இயற்பியல் என்று இரண்டு வகுப்புகள் இருக்கின்றன. எதை எடுப்பது?

பதில்: உங்கள் துறை கட்டாயப்படுத்தவில்லை என்றால் இல்லாததை எடுக்கலாம். ஆனால் சுலபம் என்று நம்பிப் போகாதீர்கள். இடப்பெயர்ச்சி மாறும் வீதம் திசைவேகம், திசைவேகம் மாறும் வீதம் முடுக்கம். கால்குலஸ் தெரிந்தவருக்கு இந்த இரண்டு வரியிலிருந்தே இயக்கச் சமன்பாடுகள் வந்துவிடும். தெரியாதவர் அவற்றை மனப்பாடம் செய்கிறார். செய்துவிட்டு, முடுக்கம் நொடிக்கு நொடி மாறும் சுருள்வில் கணக்கிலும் அவற்றையே போடுகிறார். முடுக்கம் மாறாதபோது மட்டுமே அவை செல்லும்.

வகுப்பின் பெயரைவிடப் பாடத்திட்டத்தைப் பாருங்கள். பாய்மங்கள் (திரவமும் வாயுவும்), விரவல் (மூலக்கூறுகள் தாமாகவே பரவுவது), வெப்ப இயக்கவியல், லென்சுகள் இருக்கின்றனவா? குறுகிய குழாயில் சீராக ஓடும் திரவத்தின் ஓட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. அழுத்த வேறுபாடு அப்படியே இருக்க, ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகும். விரவலில் தூரம் 10 மடங்கானால் நேரம் 100 மடங்கு. செல்கள் சிறியதாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். உங்களுக்கு வேண்டிய இயற்பியல் இதுதான். சாய்தளமும் கப்பியுமே பாதிப் பருவத்தை விழுங்கினால், பொறியியல் வகுப்பிலிருந்து கால்குலஸை மட்டும் உருவிவிட்டு உங்கள் தலையில் கட்டுகிறார்கள் என்று பொருள்.

கேள்வி: வரலாறு படிக்கிறேன். அறிவியல் பாடம் ஒன்று எடுத்தாக வேண்டும். வானியலில் கணக்கு வராதுதானே?

பதில்: வரும், ஆனால் பத்தின் அடுக்குகளும் விகிதமும் போதும். சூரியன் 15 கோடி கி.மீ. தொலைவில் இருக்கிறது, ஒளி நொடிக்கு 3 லட்சம் கி.மீ. போகிறது. வகுத்தால் 500 நொடி. பெரும்பாலும் இந்த அளவுதான். நட்சத்திரப் பிரகாச எண் மட்டும் தலைகீழ்: எண் கூடினால் ஒளி குறையும், 5 படி என்றால் 100 மடங்கு.

மாணவர்கள் கோட்டை விடுவது கணக்கில் அல்ல, படத்தில். பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரித் தொடக்கத்தில், சுமார் 14.7 கோடி கி.மீ. தொலைவில். அப்போது வடகோளத்தில் குளிர்காலம். ஆகவே பருவங்களுக்குக் காரணம் தூரமல்ல, 23.4 பாகை அச்சுச் சாய்வு. பிறைக்குக் காரணம் பூமியின் நிழல் என்பவர்களுக்கு ஒரு கேள்வி: அரைநிலா அன்று நிலவு சூரியனிலிருந்து 90 பாகை தள்ளி நிற்கிறது. சூரியனுக்கு நேரெதிரே விழும் பூமியின் நிழல் அங்கே எப்படிப் போகும்? முதலில் படம் வரையுங்கள்.

கேள்வி: எந்தத் தொலைநோக்கி வாங்கலாம்?

பதில்: இந்த வகுப்புக்குத் தேவையில்லை. மற்றபடி அது என் துறையல்ல.

கேள்வி: கால்குலஸ் தெரியாமல் பொறியியல் இயற்பியலைச் சமாளிக்க முடியுமா?

பதில்: இயக்கவியலுக்குக் கால்குலஸ் கூடவே ஓடினால் போதும். மின்காந்தவியலுக்குக் கால்குலஸின் தொகையீட்டுப் பகுதி முடிந்திருக்க வேண்டும். ஆனால் பலர் சறுக்குவது வெக்டர் கூறுகளில்தான், அதாவது சாய்வான விசையைக் கிடையாகவும் செங்குத்தாகவும் பிரிப்பதில். கோணம் கிடைக்கோட்டிலிருந்தா, செங்குத்திலிருந்தா என்று பார்க்காமல் கொசைன் போடுகிறார்கள். படம்!

கேள்வி: தனி ஊசல் ஆய்வில் புவிஈர்ப்பு முடுக்கம் 9.8-க்குப் பதில் 8.2 வந்தது. நீளம் 1 மீட்டர். 'மனிதப் பிழை' என்று எழுதலாமா?

பதில்: எழுதக் கூடாது. எந்தப் பிழை, எவ்வளவு என்று எழுத வேண்டும். 1 மீட்டர் ஊசலின் அலைவுக்காலம், அதாவது ஒருமுறை போய்வரும் நேரம், 2.0 நொடி. நீங்கள் ஒரே ஓர் அலைவை அளந்து, கை தாமதத்தால் 2.2 என்று எடுத்திருப்பீர்கள். நேரத்தின் வர்க்கத்தால் வகுப்பதால் 10 சதவீதப் பிழை ஏறக்குறைய 20 ஆகிவிடும். 20 அலைவுகளை அளந்து வகுத்தால் அதே 0.2 நொடித் தாமதம் முடிவில் 1 சதவீதம்தான். குண்டு மிக வேகமாகக் கடக்கும் நடுப்புள்ளியில் கடிகாரத்தைத் தொடங்குங்கள், 'பூஜ்யம்' என்று எண்ணத் தொடங்குங்கள். 'ஒன்று' என்று தொடங்கினால் 19 அலைவை 20 என்று வகுத்து, விடை 11 சதவீதம் கூடிப்போகும். நீளத்தைக் குண்டின் மையம் வரை அளக்க வேண்டும். வீச்சு (நடுவிலிருந்து ஊசல் விலகும் கோணம்) 30 பாகை என்றால் அலைவுக்காலமே 1.7 சதவீதம் நீளும், 10 பாகைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மேசைமேல் புத்தகம். எடையும், மேசை புத்தகத்தை மேலே தள்ளும் செங்குத்து விசையும் வினை, எதிர்வினை என்று எழுதினேன். மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள்.

பதில்: சரியாகத்தான் குறைத்திருக்கிறார்கள். நியூட்டனின் மூன்றாம் விதி சொல்லும் வினை, எதிர்வினை என்ற இரண்டு விசைகளும் இரண்டு வெவ்வேறு பொருள்கள்மீது செயல்படும். உங்கள் இரண்டும் புத்தகத்தின்மீதே செயல்படுகின்றன.

கேள்வி: சமமாகவும் எதிராகவும் இருக்கின்றனவே சார், வேறென்ன வேண்டும்?

பதில்: புத்தகத்தை லிஃப்டில் வையுங்கள். 1 கிலோ நிறை, லிஃப்ட் மேல்நோக்கி 2 மீ/நொடி² முடுக்கத்தில் கிளம்புகிறது. எடை 9.8 நியூட்டன், செங்குத்து விசை 11.8. உங்கள் ஜோடி பிரிந்துவிட்டது. உண்மையான ஜோடி ஒருபோதும் பிரியாது.

கேள்வி (இன்னொருவர்): லிஃப்ட் முடுக்கமுள்ள குறிப்பாயம் (எங்கிருந்து இயக்கத்தை அளக்கிறோமோ அந்த இடம்). அங்கே நியூட்டன் விதியே செல்லாதே, அது எப்படி உதாரணமாகும்?

பதில்: தரையில் நின்று பார்த்துத்தான் கணக்கிட்டேன், தரை முடுக்கமில்லாத, அதாவது நிலைமக் குறிப்பாயம். புவிசுழற்சியால் வரும் சிறு திருத்தம் இந்தக் கணக்கைத் தொடாது.

கேள்வி: அப்படியானால் எடையின் எதிர்வினை எது?

பதில்: புத்தகம் பூமியை மேல்நோக்கி இழுக்கும் 9.8 நியூட்டன். செங்குத்து விசையின் ஜோடி, புத்தகம் மேசையை அழுத்தும் விசை. ஜோடியின் இரண்டு விசைகளும் ஒரே வகையாக இருக்கும்: ஈர்ப்புக்கு ஈர்ப்பு, தொடுவிசைக்குத் தொடுவிசை.

கேள்வி: மேசைமேல் அவை இரண்டும் சமமாக இருப்பது தற்செயலா?

பதில்: இல்லை. புத்தகத்துக்கு முடுக்கம் இல்லை, ஆகவே நிகர விசை பூஜ்யம். அது இரண்டாம் விதி. விடைத்தாளில் எழுதியிருக்க வேண்டியது அதைத்தான்.

கேள்வி: கால்குலஸ் இல்லாமல் இயற்பியல்...

பதில்: மேலே இரண்டு முறை சொல்லியாகிவிட்டது.

கேள்வி: சாய்தளக் கணக்கில் எனக்கு மட்டும் விடை எதிர்க்குறியில் வருகிறது. படமும் வரைந்துவிட்டேன். கோணம் 30 பாகை.

பதில்: கால்குலேட்டரில் சைன் 30 போடுங்கள். 0.5 வராமல் −0.988 வந்தால் அது பாகையில் அல்ல, கோணத்தின் இன்னோர் அலகான ரேடியனில் இருக்கிறது.