கேள்வி - பதில்: காட்டு யானைகளின் உறவும் உரையாடலும்

பாட்டி யானைதான் கூட்டத்தை நடத்தும் என்கிறார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் வருவதோ இரண்டு பெண் யானைகளும் ஒரு குட்டியும்தான். மற்றவை எங்கே போயின?
- வாசகி, மேட்டுப்பாளையம்

பாட்டி யானை பற்றி நாம் படிப்பதில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவிலிருந்து வருவது. கென்யாவின் அம்போசெலியில் சிந்தியா மாஸ் 1972-இல் தொடங்கிய ஆய்வு இன்றும் தொடர்கிறது. அங்கே மூத்த பெண் யானையின் அனுபவம் குடும்பத்துக்குக் கவசம். பழகிய யானைகளின் குரலையும் அந்நிய யானைகளின் குரலையும் பிரித்தறிவதில், வயதான தலைவி உள்ள குடும்பங்களே தேர்ந்தவை என்று கேரன் மெக்கோம்ப் குழு 2001-இல் காட்டியது. பதிவு செய்த குரல்களை ஒலிபெருக்கியில் ஒலிக்கவிட்டுச் சோதித்தார்கள். அத்தகைய குடும்பங்களில் குட்டிகளும் அதிகம்.

நம் காட்டு யானைகளை அந்தச் சட்டத்துக்குள் அப்படியே அடைக்கக் கூடாது. கர்நாடகத்தின் கபினியில் டி.என்.சி. வித்யா குழு 2009 முதல் யானைகளைத் தனித்தனியே அடையாளம் கண்டு பதிவு செய்துவருகிறது. காதின் கிழிசல், மடிப்பு, வால் முடி, முதுகின் வடிவம் இவைதான் அடையாளங்கள். பெண் யானைகள் பெரிய குலங்களாக வாழ்கின்றன. ஆனால் ஒரு குலம் முழுவதும் சேர்ந்து நடமாடுவது அரிது. இரண்டு மூன்றாகப் பிரிந்து மேய்ந்து, பிறகு வேறு துணையோடு கூடும். இலங்கையின் உடவளவையில் ஷெர்மின் டி சில்வா கண்டதும் இதைப் போன்றதே: கூட மேயும் துணை அடிக்கடி மாறும், பழைய உறவு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். மூத்தவள் மற்றவற்றை அடக்கி ஆளும் கண்டிப்பான வரிசையும் அங்கே தெளிவாகத் தெரியவில்லை.

ஆக, நீங்கள் பார்ப்பது ஒரு குலத்தின் சிறு பகுதி. வழிதவறி வந்த யானைகள் என்று நினைத்து அவற்றை ஊர் கூடி விரட்டுவது, அவற்றின் உறவுகள் இருக்கும் திசைக்கே குறுக்கே நிற்பதாக முடியலாம்.

யானைகள் நம் காதுக்குக் கேட்காத குரலில் பேசுமாமே. செல்போனில் பதிவு செய்ய முடியுமா?
- வாசகர், கோயம்புத்தூர்

யானையின் ஆழ்ந்த உறுமலில் அடிப்படை அதிர்வு 14 முதல் 24 ஹெர்ட்ஸ் வரை, அதாவது நொடிக்கு அத்தனை அதிர்வுகள். மனிதக் காதின் கீழெல்லை ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ். அமெரிக்காவின் போர்ட்லாந்து உயிரியல் பூங்காவில் ஆசிய யானைகளின் அருகே நின்ற ஆய்வாளர் கேட்டி பெய்ன், காற்றில் ஒரு துடிப்பை உணர்ந்ததுதான் தொடக்கம். 1986-இல் ஆய்வு வெளியானது.

செல்போன் இதற்குச் சரிப்படாது. அதன் மைக் மனிதப் பேச்சுக்காகச் செய்யப்பட்டது, மிகத் தாழ்ந்த அதிர்வுகளை வெட்டிவிடும். 10 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் மைக், அதன்மேல் காற்றுத் தடுப்பு உறை, தாழ்ந்த ஒலியை நீக்கும் வடிகட்டியை அணைத்து வைத்த ரெக்கார்டர், இவை மூன்றும் வேண்டும். உறை இல்லாவிட்டால் காற்றின் இரைச்சலும் அதே அலைவரிசையில் வந்து உறுமலை மூடிவிடும். பதிவை நான்கு மடங்கு வேகத்தில் ஓடவிட்டால் 15 ஹெர்ட்ஸ் 60 ஆகும். நல்ல ஹெட்போனில் கேட்கும். வேகத்தை மாற்றும்போது சுருதியும் சேர்ந்து உயரும்படி அமைப்பது முக்கியம். சுருதியை மாற்றாமல் வேகத்தை மட்டும் கூட்டினால் பயனில்லை.

தாழ்ந்த ஒலி மரங்களிடையே எளிதில் தேயாது. அதனால்தான் கிலோமீட்டர் கணக்கில் பிரிந்திருக்கும் குழுக்கள் தொடர்பில் இருக்க முடிகிறது. அருகில் இருந்தால் உறுமலின் மேல் அதிர்வுகள் நமக்கே கேட்கும், தூரத்தில் லாரி இன்ஜின் ஓடுவது போல. பிளிறல், கர்ஜனை, கீச்சொலி ஆகியவை தனி வகைகள். உதடுகளை இறுக்கிக் காற்றைத் தள்ளி எழுப்பும் கீச்சொலி ஆசிய யானைக்கே உரியது. பதற்றத்திலும் பரபரப்பிலும் அதைக் கேட்கலாம்.

மதநீரில் தேன் வாசம் வருமா?
- வாசகர், மதுரை

இளம் ஆண் யானைக்கு வரும். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே உள்ள சுரப்பியிலிருந்து வழியும் நீர் முதல் மதங்களில் தேன் மணக்கும், வயது ஏறஏற நாறும். ராஸ்முசன், ரிடில் ஆகியோரோடு நம் ‘யானை டாக்டர்’ வி. கிருஷ்ணமூர்த்தியும் சேர்ந்து 2002-இல் இதை வெளியிட்டார். தேன் வாசம் ‘நான் சிறியவன், சண்டைக்கு வரவில்லை’ என்று பெரிய ஆண்களுக்குச் சொல்வதாகக் கருதுகிறார்கள். மதநீரை வண்டு மொய்ப்பதாகச் சங்கப் பாடல்கள் சொல்வது வெறும் அலங்காரம் இல்லை போலும்.

சாலையில் யானை எதிர்ப்பட்டால் அதன் மனநிலையை எப்படித் தெரிந்துகொள்வது?
- வாசகர், கூடலூர்

காதைப் பாருங்கள். நிதானமாக விசிறிக்கொண்டிருந்தால் உடல் சூட்டைத் தணிக்கிறது. விசிறல் நின்று காது விரிந்தபடி இருந்தால் கவனம் உங்கள் மேல். துதிக்கை நுனி உங்கள் பக்கம் உயர்ந்தால் மோப்பம் பிடிக்கிறது. பிடுங்கிய புல்லைத் தின்னாமல் ஆட்டுவது, முன்காலை முன்னும் பின்னும் வீசுவது, மண்ணை வாரி இறைப்பது ஆகியவை தயக்கமும் எரிச்சலும் கலந்த நிலை. பெண் யானைகள் நெருங்கி நின்று குட்டியை வயிற்றுக்கடியில் தள்ளினால், நீங்கள் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள்.

தலையை உயர்த்திப் பிளிறி ஓடிவந்து சட்டென நிற்பது பெரும்பாலும் மிரட்டல். துதிக்கையை உள்ளே சுருட்டி, சத்தமின்றி, வேகம் குறையாமல் வந்தால் நிஜம். இதைப் பிரித்தறிந்துவிடலாம் என்று நம்பி நிற்க வேண்டாம். மிரட்டல் பாதியில் தாக்குதலாக மாறுவதுண்டு.

50 மீட்டருக்குக் குறையாமல் வண்டியை நிறுத்துங்கள். ஹாரன், ஹைபீம், படம் எடுக்க இறங்குவது எதுவும் வேண்டாம். முன்னே வந்தால் மெல்லப் பின்வாங்குங்கள். பின்னால் வண்டிகள் ஒட்டி நிற்பதுதான் பெரும்பாலும் சிக்கல், ஆகவே பின்னால் வருபவருக்கும் கைகாட்டி இடம் விடச் சொல்லுங்கள். முதலில் இரண்டு கடந்ததும் முடிந்தது என்று கிளம்புவது பெரிய தவறு. புதருக்குள் தாயோ குட்டியோ காத்திருக்கும், உங்கள் வண்டி நடுவில் மாட்டும். கடந்த யானைகள் நின்று திரும்பிப் பார்த்தால் இன்னும் வர வேண்டியவை உண்டு. அவை காட்டுக்குள் நடந்து மறையும் வரை நகராதீர்கள்.

யானைகள் ஒன்றையொன்று பெயர் சொல்லி அழைக்குமா?
- வாசகி, திருநெல்வேலி

கென்யாவின் சாம்புரு, அம்போசெலி யானைகளின் 469 உறுமல்களை ஆராய்ந்து 2024-இல் வெளியான ஆய்வு அப்படித்தான் சொல்கிறது. தனக்காக எழுப்பப்பட்ட உறுமலை ஒலிக்கவிட்டபோது யானை விரைந்து நெருங்கியது, பதில் குரலும் கொடுத்தது. வேறொரு யானைக்கான உறுமலுக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை. கிளிகளும் டால்ஃபின்களும் தாம் அழைக்கும் துணையின் ஓசையைப் போலச் செய்து அழைக்கும். இந்த யானைகள் அழைக்கப்படும் யானையின் குரலைக் காப்பியடிக்காமலே அழைப்பதாகத் தெரிகிறது.