கன்று நடுமுன் கதவைப் பாருங்கள்

கேள்வி: நிபோங் திபாலில் கிரியான் ஆற்றையொட்டி வாழ்கிறோம். முன்பு எங்கள் கால்வாயில் ஊடாங் கலா எனும் பெரிய நன்னீர் இறால் ஏறி வரும். முகப்பில் கடல் ஓதத்தைத் தடுக்கும் ஓதக் கதவு அமைத்த பிறகு அருகிவிட்டது. கரையில் கண்டல் கன்று நட்டால் திரும்பி வருமா?
– இளைஞர் மன்றத்தினர்

பதில்: கன்று நட இளைஞர்கள் முன்வந்திருப்பது மகிழ்ச்சி. ஆனால் அந்தக் கதவு இப்போதுபோலவே இயங்கும்வரை, எத்தனை கன்று நட்டாலும் இறால் மேலே வராது.

சினை இறால் நன்னீரிலிருந்து கழிமுகத்துக்கு இறங்கும். உவர்நீர் இல்லாமல் அதன் குஞ்சுகள் பிழைக்காது. 11 வளர்நிலைகளைக் கடந்து இறால் வடிவம் பெற்ற பின்னரே அவை ஆற்றுக்குத் திரும்புகின்றன. வலுவற்ற அந்தச் சிற்றுயிர்களுக்கு ஏறும் ஓதம்தான் துணை. ஓதக் கதவோ, உப்புநீர் புகாதிருக்க, ஓதம் ஏறத் தொடங்கியதும் மூடிக்கொள்கிறது. அவை வரும் வேளையில்தான் வழி அடைபடுகிறது! சியாக்காப் (கொடுவா) மீன் குஞ்சுகளுக்கும் இதே கதிதான்.

கதவையே அகற்றச் சொல்லிக் கேட்காதீர்கள்; நெல் விவசாயியின் அச்சம் நியாயமானது. கதவில் சிறு திறப்பு வைத்து, நீர்மட்டம் குறித்த அளவைத் தொட்டதும் மிதவையால் அதை மூடச் செய்யலாம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் இத்தகைய கதவுகள் இயங்குகின்றன. நீங்களாகக் கதவில் கை வைக்க வேண்டாம். அமாவாசை, பௌர்ணமி ஓதங்களின்போது கதவுக்குக் கீழே ஓர் இறால் கூடு, மேலே ஓர் இறால் கூடு வையுங்கள். ஒரே இரை, ஒரே நேரம். சிக்குபவற்றைச் சில மாதங்கள் எண்ணிக் குறித்துக்கொண்டு வடிகால் நீர்ப்பாசனத் துறையின் மாவட்ட அலுவலகத்துக்குச் செல்லுங்கள். வெறும் முறையீட்டைவிட அந்தக் கணக்கேடு வலுவானது.

தனியாகப் போகாதீர்கள். நிபோங் திபால் பினாங்கைச் சேர்ந்தது. அதே ஆற்றையொட்டிய பாரிட் புந்தார் பேராக்கில், பண்டார் பாரு கெடாவில். ஒரே ஆற்றுக்கு மூன்று மாநில அலுவலகங்கள். உங்கள் கால்வாய் திறந்து, எதிர்க்கரைக் கால்வாய்கள் மூடியே இருந்தால் பாதிப் பயன்தான். மூன்று ஊர் மீனவர்களும் விவசாயிகளும் ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டு மூன்று அலுவலகங்களுக்கும் கொடுங்கள். விவசாயிகளின் கையெழுத்து மிக முக்கியம். அது இல்லையென்றால் உப்புநீரைக் காரணம் காட்டியே கோரிக்கை நின்றுவிடும்.

கண்டலும் தேவைதான், உள்ளே வந்த குஞ்சுகள் ஒளிந்து வளர வேர்க்காடு வேண்டும். 1990களிலிருந்து கன்று நட்டுவரும் பினாங்குக் கரையோர மீனவர் நலச் சங்கத்தாரைக் கேளுங்கள். கடல் முகப்பில் அப்பி அப்பி, அதற்குப் பின்னால் பக்காவ், நன்னீர் கலக்கும் ஆற்றங்கரையில் பெரெம்பாங் எனக் கண்டல் வகைகளை இடமறிந்து நடுங்கள். எப்போதும் நீர் நிற்கும் சேற்றில் பக்காவ் பிழைக்காது. கிரியானின் மின்மினிகள் கூடுவது பெரெம்பாங்கில்தான்; ஏற்கெனவே நிற்கும் மரங்களை யாரும் வெட்டாமல் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.