மாத்திரை டப்பாவே போதும்

கேள்வி: 28 மில்லிமீட்டர் மினியேச்சர் வீரர் பொம்மைகளுக்கு பெயிண்ட் அடிக்கிறேன். விரலில் பிடித்துக்கொண்டே அடிப்பதால் மூக்கு, முழங்கை, வாள் நுனி என்று அங்கங்கே பெயிண்ட் போய்விடுகிறது. அரை மணி நேரத்தில் கையும் வலிக்கிறது. இதற்கு ஒரு பிடியை வீட்டிலேயே செய்துகொள்ள முடியுமா?

பதில்: தாராளமாக. பெயிண்ட் போவதற்கு உங்கள் விரல்தான் காரணம். தோலில் உள்ள எண்ணெய்ப்பசையும் உரசலும் சேர்ந்து, துருத்திக்கொண்டிருக்கும் இடங்களில் அக்ரிலிக் பெயிண்டைத் தேய்த்து எடுத்துவிடும், அதனால் பிரைமர் (பெயிண்ட் ஒட்டிப் பிடிக்க முதலில் அடிக்கும் பூச்சு) அடித்த பிறகு பொம்மை மேல் கை படவே கூடாது.

மூடியுள்ள காலி மாத்திரை டப்பா ஒன்று எடுங்கள், மூன்று நான்கு செ.மீ. அகலம் இருந்தால் நல்லது. கை வலிப்பது மெல்லிய பொருளை இறுக்கிப் பிடிப்பதால்தான்; உள்ளங்கை நிறைய இருந்தால் விரல்கள் தளர்வாகவே பிடித்துக்கொள்ளும். உள்ளே பழைய நட்டு, போல்ட்டு போட்டு மேலே பஞ்சை அடைத்துவிடுங்கள். மேசையில் வைத்தால் சாயாது, கடகடவென்று சத்தமும் வராது.

மூடியை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் துடைத்துவிட்டு, சுவரில் போஸ்டர் ஒட்டுகிற ப்ளூ டாக்கை கோலிக்குண்டு அளவு உருட்டி அழுத்தி, அதன் மேல் பொம்மையின் அடித்தட்டை வைத்து அமுக்குங்கள். எடுக்கும்போது அடித்தட்டைப் பிடித்து மெதுவாகத் திருகுங்கள். பொம்மையைப் பிடித்து இழுத்தால் கணுக்கால் முறிந்துவிடும், நான் அப்படி ஒரு வில்லாளியை இழந்திருக்கிறேன்.

அடித்தட்டே இல்லாத பொம்மையா? ஒரு பாதத்தில் 1 மி.மீ. துளை போட்டு, நிமிர்த்திய ஜெம் கிளிப் கம்பித் துண்டை சூப்பர் குளூவால் ஒட்டி, மூடியின் மேல் ஒட்டிய ஒரு கார்க்கில் குத்திவிடுங்கள். பிறகு அடித்தட்டில் நிறுத்தும்போது அதே கம்பி பலமாக நிற்க உதவும்.

மூடியில் காந்தம், அடித்தட்டில் இரும்பு வாஷர் என்றும் செய்யலாம். சட்டென்று மாற்ற வசதி, ஆனால் சின்னக் காந்தம் என்றால் பக்கவாட்டில் நழுவும், கண் வரைகிற நேரத்தில் அது வேண்டாம்.

சரி, முக்கியமானது இனிமேல்தான். தடித்த கம்பி ஒன்றை டப்பாவின் பக்கத்தில் டேப்பால் இறுக்கிச் சுற்றி, மேல் நுனியை பொம்மையின் தலைக்கு மேலே வளைத்துவிடுங்கள். பிரஷ் பிடித்த கையின் சுண்டுவிரலை அதில் ஊன்றிக்கொண்டால் இரண்டு கையும் சேர்ந்தே அசையும், நடுக்கம் பெருமளவு குறைந்துவிடும். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.